'பெஸ்ட் இன் ஷோ' நாய்க்காரர்களைக் கேலி செய்கிறதா?

நீங்கள் கடிதத்தில் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கேள்வி. கிறிஸ்டோபர் கெஸ்ட் இயக்கிய 'பெஸ்ட் இன் ஷோ' (2000) படத்தில் வருகிற நாய்க் கண்காட்சி நிஜத்திலும் அப்படித்தான் நடக்குமா என்பது ஒன்று. வசனமே எழுதாமல் எடுத்த படம் என்கிறார்களே, அது எப்படி என்பது இன்னொன்று. ஆனால் கடைசி வரியில், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அப்புறம் இந்த மனிதர்களைப் பார்த்துச் சிரித்தது தப்போ என்று உறுத்தியதாக எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மூன்றாவதற்கு வழி கிடைக்கும், அதனால் மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் பதினெட்டு வருடமாக ஆவணப்படங்களை எடிட் செய்கிறவன். நாய் வளர்த்துப் போட்டிக்குக் கூட்டிப்போனதில்லை. ஆனால் ஒரு முறை நாய்க் கண்காட்சி பற்றிய ஒரு சிறிய ஆவணப்படத்துக்கு வேலை செய்தபோது, நாய்களை நடத்திக் காட்டும் ரிங்கின் ஓரத்திலேயே கேமராவை வைத்து எடுத்த மூன்று நாள் ஃபுட்டேஜை ஒரு நொடி விடாமல் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். படம் எப்படி வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது என்பதில் நான் சொல்வதை நீங்கள் தைரியமாக நம்பலாம். நாய்களைப் பற்றிச் சொல்வதை, அந்த மூன்று நாளும் அப்போது படித்துத் தெரிந்துகொண்டதும் தந்த அறிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை ரெண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஃபிலடெல்ஃபியாவில் மேஃப்ளவர் கென்னல் கிளப் என்ற கற்பனைச் சங்கம் நடத்தும் பெரிய போட்டிக்கு ஐந்து நாய்கள் வருகின்றன: ஃப்ளோரிடாவிலிருந்து ஜெர்ரி, குக்கி தம்பதியின் நாரிச் டெரியர் விங்கி, வக்கீல்களான ஸ்வான் தம்பதியின் வைமரனர் பியாட்ரிஸ், வட கரோலினாவில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கும் ஹார்லன் பெப்பரின் பிளட்ஹவுண்ட் ஹூபர்ட், ஸ்காட், ஸ்டெஃபன் என்ற ஆண் ஜோடியின் ஷீட்சு மிஸ் ஆக்னஸ், ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்த, பணக்கார வீட்டு ஸ்டாண்டர்ட் பூடில் ஒன்று. இவர்களை ஒரு ஆவணப்படக் குழு பின்தொடர்வது மாதிரி எடுத்திருப்பார்கள். 'மாக்யுமென்டரி', அதாவது கேலி ஆவணப்படம், என்ற வகையில்தான் எல்லோரும் இதைச் சேர்க்கிறார்கள், ஆனால் கெஸ்டுக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அதில் கேலி என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் யாரையும் கேலி செய்யவில்லை என்று பேட்டிகளில் சொல்லி வந்திருக்கிறார். இயக்குநர் தன் படத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்றாலும் இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் போட்டி. நிஜத்தில் இப்படித்தான் நடக்குமா என்றால், ஆமாம், ஆச்சரியப்படும் அளவுக்கு இப்படித்தான். அமெரிக்கன் கென்னல் கிளப் எல்லா இனங்களையும் ஏழு குழுவாகப் பிரித்திருக்கிறது: ஸ்போர்ட்டிங், ஹவுண்ட், வொர்க்கிங், டெரியர், டாய், நான் ஸ்போர்ட்டிங், ஹெர்டிங். முதலில் ஒரே இனத்து நாய்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், அது தன் குழுவில் மோதும், கடைசியில் ஏழு குழுவின் ஏழு நாய்கள் ஒன்றாக நிற்கும், அதில் ஒன்றுக்குத்தான் 'பெஸ்ட் இன் ஷோ' பட்டம். இப்போது படத்தின் ஐந்து நாய்களைப் பாருங்கள். வைமரனர் ஸ்போர்ட்டிங் குழு, பிளட்ஹவுண்ட் ஹவுண்ட் குழு, நாரிச் டெரியர் குழு, ஷீட்சு டாய் குழு, ஸ்டாண்டர்ட் பூடில் நான் ஸ்போர்ட்டிங். ஐந்தும் வெவ்வேறு குழு! ஒரே குழுவில் இரண்டு இருந்திருந்தால் அந்த இரண்டும் கடைசிச் சுற்றில் எதிரெதிரே நிற்கவே முடியாது, கதையே நொண்டியிருக்கும். சாதாரணப் பார்வையாளர் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிகிறது.

சரி, ஷீட்சுவையும் பிளட்ஹவுண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுத்தில் ஒரு தரவரையறை உண்டு, காது எப்படி இருக்க வேண்டும், தோள் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும், நடை எப்படி, குணம் எப்படி என்று. எந்த நாய் தன் இனத்தின் வரையறைக்கு மிக அருகில் வருகிறது என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். நாரிச் டெரியருக்குக் காது விறைத்து நிற்க வேண்டும். காது மடங்கி விழுந்தால் அது நார்ஃபோக் டெரியர், வேறு இனம். 1979 வரை அமெரிக்காவில் இரண்டும் ஒரே இனமாகத்தான் பதிவாகின. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் ஒரு விஷயத்தை இருபது முப்பது வருடம் கூர்ந்து பார்த்த யாருக்கும் கண் இப்படித்தான் ஆகும். இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டியிருக்கலாமே என்று நான் ராத்திரி தூங்காமல் யோசிப்பதும் இதே ஜாதிதான்.

படத்தின் கடைசிக் காட்சியை ரசிக்க நடை பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ரிங்கில் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவரை ஹேண்ட்லர் என்பார்கள். நடுவர் நடுவில் நிற்பார், ஹேண்ட்லர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடுவார், நாய் அவருடைய இடது பக்கம் இருக்கும், அப்போதுதான் நடுவர் கண்ணுக்கும் நாய்க்கும் நடுவில் மனிதக் கால் குறுக்கே வராது. நான் பார்த்த ஃபுட்டேஜில் ஒரு ஹேண்ட்லர், ஐம்பது வயதுப் பெண்மணி, முட்டி வலி இருக்கிறது என்று பேட்டியில் சொன்னவர், ரிங்குக்குள் போனதும் நாயின் நடைக்குத் தன் நடையைப் பொருத்திக்கொண்டு வழுக்கிக்கொண்டு போவது மாதிரி ஓடினார். கன்னத்துக்குள் ஒரு துண்டு ஈரலை அடக்கி வைத்திருந்தார், நாயை நிறுத்தி நிமிர வைக்க வேண்டிய நொடியில் அதை எடுத்துக் காட்டுவதற்காக. முகத்தில் சலனமே இல்லை. ஓடுகிறவர் தடுமாறினால் நாயின் நடையும் கெடும், அதுதான் அங்கே எல்லோருக்கும் பயம். இப்போது ஜெர்ரியை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே இரண்டு காலும் இடது கால் என்று படத்தின் ஆரம்பத்தில் சொல்கிறார், நாமும் ஒரு அசட்டு ஜோக் என்று சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடைசிச் சுற்றுக்கு முன்னால் குக்கிக்கு முழங்காலில் அடிபட்டு, இந்த மனிதர் நாயைப் பிடித்துக்கொண்டு ரிங்கில் ஓட வேண்டிவருகிறது. நடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரும் ஒரு போட்டியில் நடக்கத் தெரியாதவர்! ஜெர்ரியாக நடிக்கும் யூஜின் லெவி அந்த ஓட்டத்தைக் கோமாளித்தனமாகச் செய்யாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிறார். எனக்கு அங்கே சிரிப்போடு தொண்டையும் அடைத்தது.

வசனம் பற்றி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது: கெஸ்டும் லெவியும் சேர்ந்து கதைச் சுருக்கம் எழுதினார்கள், யார் யார், எங்கிருந்து வருகிறார்கள், பின்கதை என்ன, எந்தக் காட்சியில் என்ன நடந்தாக வேண்டும் என்று. வசனத்தை மட்டும் எழுதவில்லை. நடிகர்கள் கேமரா முன்னால் அந்த ஆளாகவே இருந்து பேசினார்கள். அறுபது மணி நேரத்துக்கும் மேல் ஃபிலிம் ஓடியதாகச் சொல்வார்கள், கையில் வந்த படம் தொண்ணூறு நிமிடம். இது ஆவணப்படத்தின் கணக்கு. கதைப்படத்தில் எடிட்டர் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுவார். இதில் கதையையே எடிட்டிங் மேசையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் பத்து நிமிடம் பேசியதில் எந்த இருபது நொடியில் அந்த மனிதர் முழுசாக வெளியே வருகிறார் என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பே. ஹார்லன் பெப்பர் தனக்குத் தெரிந்த கொட்டை வகைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவார், நினைவிருக்கிறதா? கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் சின்ன வயதில் அவர் அம்மாவை எப்படி எரிச்சல்படுத்தியிருப்பார், இப்போது யாருடன் பேசிப் பொழுதைக் கழிக்கிறார், ஏன் அந்த ஹூபர்ட் அவருக்கு அவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. எழுதி வைத்துப் பேசியிருந்தால் இது வந்திருக்காது என்பது என் கருத்து. எழுத்தாளர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆனால் பேசியது மட்டும்தான் மேம்போக்காகக் கண்ணில் படும். எடிட்டராக எனக்குப் படத்தின் உயிர் இருப்பது பேசாதவர் முகத்தில். அந்தப் பூடிலின் சொந்தக்காரி, பணக்கார ஷெர்ரி ஆனும் அவளுடைய மிக வயதான கணவரும் சோஃபாவில் உட்கார்ந்திருப்பார்கள். ஷெர்ரி ஆனாக வரும் ஜெனிஃபர் கூலிட்ஜ் தங்களுக்குள் எவ்வளவு பொருத்தம் என்று சொல்லிக்கொண்டே போவார், ரெண்டு பேருக்கும் சூப் பிடிக்கும் என்பதுவரை. பக்கத்தில் அந்தக் கிழவர் எதையோ மென்றுகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். குளோசப்புக்குப் போயிருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும். இருவரையும் ஒரே ஃபிரேமில் அசையாமல் வைத்திருந்ததால்தான் நம் கண் தானாக இடமும் வலமும் போய் ஒரு திருமணத்தையே பார்த்துவிடுகிறது. குக்கியின் பழைய காதலர்கள் போகிற இடமெல்லாம் முளைப்பார்களே, அங்கேயும் அப்படித்தான். வேடிக்கை அந்த ஆட்களிடம் கொஞ்சம்தான், கேட்டுக்கொண்டு நிற்கிற ஜெர்ரியின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் மீதி முழுக்க இருக்கிறது. நிஜ ஆவணப்படங்களில் தம்பதிகளைப் பேட்டி எடுக்கும்போது நாங்கள் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் இது: மனைவி பேசும்போது கணவனை வெட்டி எறிந்துவிடாதே.

இனி உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். நான் வேலை செய்த அந்த நாய்க் கண்காட்சிப் படத்தில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய நாய் அதன் இனச் சுற்றிலேயே தோற்றுவிட்டது. கூண்டுகள் அடுக்கியிருந்த இடத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நீ ஒரு தப்பும் செய்யவில்லை, நான்தான் உன்னை அவசரப்படுத்திவிட்டேன் என்று அதன் காதில் சொல்லிச் சொல்லி அழுதார். தயாரிப்புத் தரப்பில் அந்தக் காட்சிக்குக் கீழே ஒரு கோமாளி இசை போடச் சொன்னார்கள், மக்கள் சிரிப்பார்கள் என்று. அந்த இசையைப் போட்டால் சிரிப்பார்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எங்களை நம்பி, மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நடமாடியவர். நான் மறுத்தேன், சண்டையானது, கடைசியில் இசையும் இல்லாமல் காட்சியும் இல்லாமல் படம் வெளியானது. இன்றைக்கும் அந்தக் காட்சி போனது எனக்கு வருத்தம்தான். அழுகை உள்ளே வந்திருக்க வேண்டும், இசை இல்லாமல்.

'பெஸ்ட் இன் ஷோ'வில் கெஸ்ட் செய்ததன் மதிப்பு எனக்குப் புரிந்தது அதற்குப் பிறகுதான். நிஜ மனிதர் ஒருவரை நம்ப வைத்துக் கூப்பிட்டு எடிட்டிங் அறையில் கோமாளி ஆக்குவது துரோகம். நடிகர்கள் தாங்களே அந்த மனிதர்களாகி, தங்கள் முகத்தையே கொடுத்துச் செய்வதில் யாரும் ஏமாற்றப்படவில்லை. அது மட்டும் போதாது, கற்பனை மனிதர்களிடமும் குரூரமாக நடந்துகொள்ள முடியும். ஆனால் இந்தப் படம் ஒரு எல்லையைத் தாண்டாமல் இருக்கிறது. கேமரா முன்னால் உட்கார்ந்து தன்னைப் பற்றி ஒரு கதை சொல்லும்போது நாம் எல்லோரும் செய்கிற அபத்தம்தான் அதில் சிரிப்புக்கு வருகிறது: நாங்கள் எவ்வளவு பொருத்தம், நான் எவ்வளவு நிதானமானவன், எனக்கு ஜெயிப்பது முக்கியமே இல்லை. நாயை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சும்போது கேமரா ஒருவரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. திரும்பப் போய்ப் பாருங்கள், ஒரு இடத்திலும் இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்று வாதிடலாம், ஸ்வான் தம்பதி. பியாட்ரிஸுக்குப் பிடித்த தேனீ பொம்மை காணாமல் போனதும் ஸ்வான் மனைவியாக வரும் பார்க்கர் போஸி ஹோட்டல்காரரிடமும் கடைக்காரரிடமும் போடுகிற கூச்சல் பார்க்கவே பதறும். இந்த ஜோடியிடம் மட்டும் படத்துக்குக் கொஞ்சம் இரக்கம் குறைவு என்பது என் கணிப்பு. ஆனால் காரணம் இருக்கிறது. மற்ற நான்கு வீட்டிலும் நாய் நாயாக இருக்கிறது. இந்த வீட்டில் மட்டும் அது தம்பதியின் பதற்றத்தைச் சுமக்கிற பாத்திரம், எனவே கடைசிச் சுற்றுக்கு முன்பே நடுவர் மேல் பாய்ந்து வெளியேற்றப்படுகிறது. நாயிடம் நம் பயம் கயிறு வழியாக இறங்கும் என்று ஹேண்ட்லர்கள் சொல்வார்கள். ஸ்காட், ஸ்டெஃபன் ஜோடி பற்றியும் ரெண்டு விதமாகப் பேசலாம். பகட்டான பேச்சும் கிமோனோக்களும் பழைய அச்சில் வார்த்தவை என்று சிலருக்குப் படும், அது தவறான வாசிப்பு என்று சொல்லமாட்டேன். நான் பார்க்கிற விதத்தில், படத்திலேயே நிம்மதியாக ஒருவரையொருவர் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிற ஜோடி அவர்கள்தான்.

அப்புறம் படத்தில் போட்டியை வர்ணிக்கிற அந்த ஆள், ஃப்ரெட் வில்லர்ட் நடித்த பக் லாஃப்லின். நாயைப் பற்றி எதுவும் தெரியாமல் வாய்க்கு வந்ததைப் பேசும் அந்த ஆள் மிகைப்படுத்தல் என்று நினைத்திருப்பீர்கள். வில்லர்டுக்கு முன்மாதிரியாக இருந்தவர் ஜோ கராஜியோலா, பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து 1990களில் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சிக்கு வர்ணனை செய்தவர். படத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேய நிபுணர் அவ்வளவு மரியாதையாகச் சகித்துக்கொள்வார் பாருங்கள், மறுபடியும் பேசாதவர் முகம்.

நாரிச் டெரியர் நிஜத்தில் ஜெயிக்குமா என்றும் தோன்றியிருக்கலாம். 1877இல் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டரில் 1994லும் 1998லும் நாரிச் டெரியர்தான் பட்டம் வாங்கியது, படம் வருவதற்குச் சற்று முன்னால்தான். பிளட்ஹவுண்ட் ஒன்று அங்கே முதல் தடவை ஜெயித்தது 2022இல்.

நாய்க் கண்காட்சிக்காரர்கள் புண்பட்டார்களா என்றால், எல்லோர் சார்பிலும் என்னால் பேச முடியாது. நான் குறிப்பெடுத்த பேட்டிகளில் மூன்று பேர் தாங்களாகவே இந்தப் படத்தின் பேச்சை எடுத்தார்கள், மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: என்னைப் போல யாரும் அதில் இல்லை, ஆனால் பக்கத்துக் கூண்டுக்காரர் அப்படியே இருக்கிறார். பதிவில் இருக்கிற ஒரு விஷயம் இன்னும் அழுத்தமானது. என்பிசி தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவு அதிகாரி ஒருவர் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நிஜ நாய்க் கண்காட்சி ஒன்றை அமெரிக்காவின் 'தேங்க்ஸ்கிவிங்' எனும் நன்றி நவிலல் விடுமுறை நாளில் ஒளிபரப்பலாமே என்று யோசனை சொன்னார். 2002இல் ஒளிபரப்பு ஆரம்பித்தது, ஃபிலடெல்ஃபியா கென்னல் கிளப் நடத்துகிற கண்காட்சிதான், சங்கத்தின் பெயரிலும் அதே ஊர். இன்றுவரை வருடாவருடம் கோடிக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இழிவுபடுத்துகிற படம் ஒன்று பார்த்தவரை அந்த இடத்துக்கே போய் வேடிக்கை பார்க்கத் தூண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு தடவை பார்ப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஆட்கள் ஜோடியாக உட்கார்ந்து பேசுகிற இடங்களில் மட்டும் ஒலியை அணைத்துவிட்டு, வாயசைக்காதவரை மட்டும் பாருங்கள். ஜெர்ரி ஓடுகிற இடம் வந்ததும் ஒலியைக் கூட்டிவிட்டு, அவர் காலைப் பார்க்காமல் இடது பக்கம் வருகிற விங்கியைப் பாருங்கள், அந்தக் குட்டி நாய் அவரை நம்பி எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறது என்று.